வீடு ஆய்வுக்கூடம் ஆகுமா? எழும்பூரிலிருந்து காவலூர் வரை ஒரு பழைய கேள்வி

ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதையில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர். ஜவ்வாது மலையின் இந்தச் சிற்றூரை உலக வானியலாளர்கள் அறிவார்கள். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இங்கேதான் இயங்குகிறது. 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கியையும் அதைச் சுமக்கும் கோபுரத்தையும் பார்க்கும் திருப்பத்தூர் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைக்கு, அறிவியல் என்றால் இப்படிப்பட்ட இடத்தில்தான் நடக்கும் என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் இந்த நிறுவனத்தின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் அது ஒரு வீட்டில் போய் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் சென்னை எழும்பூரில் தன் இருப்பிடத்தில் சொந்தமாக ஒரு வானாய்வகம் வைத்துக்கொண்டார். அதன் கருவிகள் பிறகு கம்பெனியின் கைக்கு வந்தன. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அவற்றுக்கென ஒரு கட்டடம் எழுந்தது. 1899இல் பணி கொடைக்கானலுக்குப் பெயர்ந்தது. 1971இல் தன்னாட்சி பெற்ற இந்திய வானியற்பியல் நிறுவனம் அந்த மரபின் தொடர்ச்சி. காவலூர் அதன் மலைக்கிளை.

ஒருவர் தன் வீட்டில் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டால் அங்கே நடப்பது அறிவியலா, பொழுதுபோக்கா? இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்விக்குப் பல விடைகள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றுள் முதன்மையானவற்றை, அவை தோன்றிய இடத்தோடும் அவற்றின் குறைகளோடும் வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் விடை: வீடுதான் மூலக்கூடம்

அறிவியல் வீட்டில் பிறந்தது, நிறுவனம் பின்னால் வந்தது என்பது மிகப் பழைய நிலைப்பாடு. வரலாறு இதற்கு வலுவான சான்றுகளைத் தருகிறது. வில்லியம் ஹெர்ஷல் 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைக் கண்டது இங்கிலாந்தின் பாத் நகரில், தன் வீட்டுத் தோட்டத்தில். தொலைநோக்கியும் அவரே செய்தது. ஹென்றி கேவண்டிஷ் 1798இல் வெளியிட்ட, பூமியின் அடர்த்தியை அளந்த சோதனை அவர் வீட்டில் நடந்தது. வில்லியம் பெர்கின் 1856இல் பதினெட்டு வயதில், கல்லூரி விடுமுறையின்போது வீட்டுக் கூடத்தில் செய்த சோதனையிலிருந்து செயற்கைச் சாயத் தொழிலே கிளம்பியது.

நம் பக்கமும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஐரோப்பாவிலிருந்து அறிவியல் கருவிகளை வரவழைத்து அரண்மனையிலேயே சேகரித்து வைத்தார். பிரபுல்ல சந்திர ராய் 1892இல் பெங்கால் கெமிக்கல்ஸைத் தொடங்கியது கல்கத்தாவின் மேல் வட்டச் சாலை 91ஆம் எண் வீட்டில். நவாப் ஜஃபர் ஜங் 1901இல் ஐதராபாத்தில் தன் சொந்த இடத்தில் நிறுவிய தொலைநோக்கிதான் பிறகு அரசு ஏற்று நடத்திய நிஜாமியா வானாய்வகத்துக்கு வித்து. காவலூரைத் தேர்ந்த வைணு பாப்புவின் தந்தை அந்த நிஜாமியாவில் பணிபுரிந்தவர்; மகன் மாணவப் பருவத்திலேயே விண்மீன்களைக் கவனித்துப் பதிவு செய்யத் தொடங்கியதும் அந்தச் சூழலில்தான். விக்ரம் சாராபாய் 1947இல் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கியது அகமதாபாத்தில் தன் குடும்ப மாளிகையில்.

இந்தப் பட்டியலை ஒருமுறை வாசித்தாலே அதன் குறை புலப்படும். மன்னர், நவாப், கம்பெனி அதிகாரி, ஆலை முதலாளியின் மகன், பிரபு வம்சத்தவர் என்று பெரும்பாலோர் வசதி படைத்தவர்கள். அவர்களுடைய வீடு நாம் வீடு என்று சொல்லும் பொருளில் வீடே இல்லை. இன்னொரு குறை, தொடர்ச்சி. விசாகப்பட்டினத்தில் ஜி. வி. ஜக்கா ராவ் 1840இல் தொடங்கி, அவருடைய மருமகன் நரசிங்க ராவ் வளர்த்த தனியார் வானாய்வகம் அக்காலத்தில் நல்ல பெயர் பெற்றிருந்தும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. வீட்டுக்கூடத்தின் ஆயுள் பல சமயம் வீட்டுக்காரரின் ஆயுளாகவே முடிந்துபோகிறது. பெட்ரியின் கருவிகள் தப்பித்தன என்றால், அவற்றை ஏற்றுக்கொள்ள ஓர் அமைப்பு அப்போது இருந்தது என்பதே காரணம்.

இரண்டாம் விடை: நிறுவனம் இல்லாமல் ஆகாது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எதிர்நிலைப்பாடு வலுத்தது. கருவியின் விலை, பயிற்சியின் நீளம், குழுவாக உழைக்க வேண்டிய தேவை மூன்றும் கூடியபோது அறிவியல் பல்கலைக்கழகங்களுக்கும் அரசு ஆய்வகங்களுக்கும் இடம் மாறியது. காவலூரின் சாதனைகள் இந்த வாதத்துக்கு நேர்ச்சான்று. 1972இல் அங்கே நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வைக் கவனித்தார்கள். அதே நிகழ்வை உலகின் வேறு இடங்களிலிருந்தும் பலர் கவனித்தார்கள். அந்தக் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பது அதன் வழியாகத் தெரிய வந்தது. கோளைக் கண்டுபிடிக்க ஒரு வீட்டுத் தோட்டம் போதுமாக இருந்தது. அதன் வளையங்களை அறிய ஒளியை நொடிக்கு நொடி அளக்கும் கருவியும், கண்டங்கள் தாண்டிய ஒத்துழைப்பும் வேண்டியிருந்தது. அதேபோல 1988இல் ஆர். ராஜமோகன் காவலூரிலிருந்து கண்டறிந்து ராமானுஜன் பெயர் சூட்டிய சிறுகோளும், தொடர்ந்து வானத்தைப் படமெடுத்த ஒரு திட்டத்தின் பலன்.

இந்த நிலைப்பாட்டின் வலிமையை மறுக்க முடியாது. நுண்துகள் இயற்பியலையோ மரபணு மருத்துவத்தையோ மொட்டைமாடியில் செய்துவிட முடியும் என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் இது தன் எல்லையைத் தாண்டி நீட்டப்படுகிறது. பெரிய கருவி வேண்டிய கேள்விகள் இருப்பதால் எல்லாக் கேள்விக்கும் பெரிய கருவி வேண்டும் என்றாகிவிடாது. நிறுவனங்களுமே சில வேளை கொல்லைப்புற வேலையில்தான் பிறக்கின்றன. காவலூரில் 1968இல் முதல் பதிவுகளை எடுத்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி, கொடைக்கானல் வானாய்வகத்தின் கொல்லைப்புறத்தில் கையால் உருவானது. நிறுவனத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருந்ததும் இல்லை. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த அக்னஸ் பொக்கெல்ஸ், பெண் என்பதால் பல்கலைக்கழகம் போக முடியாதவர். அடுக்களையில் பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெய்ப்பசை செய்யும் மாற்றத்தைக் கவனித்து, நீர்ப்பரப்பின் இழுவிசையை அளக்கத் தாமே ஒரு தொட்டி செய்தார். 1891 ஜனவரியில் அவர் இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதம் எழுத, அதே ஆண்டு மார்ச்சில் அது 'நேச்சர்' இதழில் வெளியானது. பின்னாளில் நோபல் பெற்ற லாங்மியூரின் கருவிக்கு அந்த அடுக்களைத் தொட்டி முன்னோடி.

மூன்றாம் விடை: வீட்டுக்கூடம் ஒரு பயிற்சிக்களம்

இருபதாம் நூற்றாண்டில் ஒரு சமரச விடை உருவானது. புதுக் கண்டுபிடிப்பை வீட்டிடம் எதிர்பார்க்க வேண்டாம், அறிவியல் மனப்பாங்கை எதிர்பார்க்கலாம் என்பது அதன் சாரம். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், விலை குறைந்த பொருள்களைக் கொண்டு கிராமப் பள்ளிகளில் சோதனைவழிக் கல்வியை நடத்திக்காட்டியது. 2002இல் அரசு அதை நிறுத்தும்வரை முப்பது ஆண்டுகள் நடந்தது. அந்த மரபில் வந்த அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி, சைக்கிள் வால்வ் டியூப் பொம்மைகள் குப்பையிலிருந்து கருவி செய்யலாம் என்று காட்டின. தமிழ்நாட்டில் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் 'துளிர்' இதழும் இந்த எண்ணத்தைப் பிள்ளைகளின் கைக்குத் தமிழில் கொண்டுவந்தன. திருப்பத்தூர் மாவட்டத்தின் எல்லையை ஒட்டிய குப்பம் நகரில் அகஸ்தியா அறக்கட்டளை, ஊர் ஊராகப் போகும் நடமாடும் ஆய்வுக்கூடங்களை நடத்துகிறது. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டு வரை படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களிடம் சோதனைகளைக் கொண்டுபோகிறது. மனு பிரகாஷ் வடிவமைத்த காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப், கருவியின் விலை என்னும் தடையைப் பெரிதும் தாழ்த்திவிட்டது.

இதன் பலவீனம் நுட்பமானது. விடை முன்பே தெரிந்த சோதனையைச் செய்துகாட்டுவது செய்முறை விளக்கம்தான். ஆய்வு என்று அதைச் சொல்ல முடியாது. எரிமலை மாதிரியில் சமையல் சோடாவும் வினிகரும் நுரைத்து வழியும்போது பிள்ளை வியக்கிறது. ஆனால் அங்கே தெரியாதது எதுவும் இல்லை. வியப்பு கேள்வியாக மாறி, கேள்வி அளவீடாக மாறாவிட்டால் பெட்டி நிறையப் பொருள் இருந்தும் கூடம் வெறுமையாகவே இருக்கும். பள்ளிகளுக்குப் பெருந்தொகை தரும், மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் போன்ற திட்டங்களையும் வாங்கிய கருவிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது போதாது. அங்கே பிள்ளைகள் சொந்தமாக எழுப்பிய கேள்விகள் எத்தனை என்று பார்ப்பதே பொருத்தமான அளவுகோல்.

நான்காம் விடை: வீடு ஒரு வலைப்பின்னலின் கண்ணி

இன்னொரு மரபு, வீட்டில் இருப்பவரைத் தனி ஆய்வாளராக நினைக்காமல் பெரிய ஆய்வொன்றின் ஒரு கண்ணியாகப் பார்க்கிறது. இதற்கு இந்தியாவின் ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு ராதா கோபிந்த சந்திரா. வங்காளத்தின் ஜெசோரில் அரசுக் கருவூலத்தில் நாணயங்களைச் சோதித்து எண்ணும் சிறு வேலை அவருக்கு. நுழைவுத் தேர்வில் தேறாதவர். 1912இல் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை இங்கிலாந்திலிருந்து வாங்கி, மாறொளிர் விண்மீன்களைக் கவனிக்கத் தொடங்கினார். அருகிலுள்ள, ஒளி அளவு ஏற்கெனவே தெரிந்த விண்மீன்களோடு ஒப்பிட்டு, இன்று இந்த விண்மீன் எவ்வளவு பிரகாசம் என்று கண்ணால் மதிப்பிட்டு எழுதுவது அந்த வேலை. 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்குநர் சங்கத்துக்கு அவர் 1954 வரை அனுப்பிய மதிப்பீடுகள் 37,000க்கும் மேல். அவருடைய உழைப்பை மதித்து அச்சங்கம் 1926இல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பிவைத்தது. அவர் ஓய்ந்தபின் அந்தத் தொலைநோக்கி வைணு பாப்புவின் கைக்கு வந்து, பின்னர் காவலூருக்கே வந்து சேர்ந்தது.

இங்கே வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் இருந்த சுவர் மெலிந்துபோகிறது. சந்திராவின் மதிப்பீடு ஒவ்வொன்றும் தனியாகப் பெரிதில்லை. பல நாடுகளில் பலர் அதே விண்மீனைப் பார்த்து எழுதியதோடு சேரும்போதுதான் அதற்கு மதிப்பு. இன்றைய மக்கள் அறிவியல் திட்டங்களும் இந்த மரபின் வழிவந்தவையே: மரங்களின் பூப்பையும் காய்ப்பையும் வாரந்தோறும் பதியும் சீசன்வாட்ச், தைத்திருநாள் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு ஆகியவை எடுத்துக்காட்டு.

இதற்கும் ஒரு குறை சொல்லப்படுகிறது: கேள்வியை யார் கேட்பது? தரவை வீடு தருகிறது, கேள்வியையும் முடிவையும் நிறுவனம் வைத்துக்கொள்கிறது. அப்படியானால் வீட்டுக்காரர் கூலி வாங்காத உதவியாளர்தானே என்பது விமர்சகர்களின் வாதம். இதில் உண்மை உண்டு. திரட்டிய தரவை எல்லோரும் எடுத்துப் பார்க்கும்படி வைக்கும் திட்டங்களில் இந்தக் குறை ஓரளவு தணிகிறது என்று மட்டும் சொல்லலாம்.

ஐந்தாம் விடை: ஆபத்து, ஆகவே வேண்டாம்

பெற்றோர் பலருடைய விடை இது. எளிதில் தள்ளக்கூடியதும் இல்லை. 1990களில் அமெரிக்காவின் மிச்சிகனில் பதின்ம வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டுக் கொட்டகையில் கதிரியக்கப் பொருள்களைத் திரட்டிச் சோதனை செய்ய, அந்த இடத்தை அரசு வந்து சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. அவ்வளவு தூரம் போக வேண்டாம். கழிப்பறை அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். வடிகட்டி இல்லாத தொலைநோக்கியில் சூரியனைப் பார்த்தால் பார்வை போகும். 230 வோல்ட் மின்சாரம் பிழையை மன்னிப்பதில்லை. அமில வீச்சுக் கொடுமைகளை ஒட்டி 2013இல் உச்ச நீதிமன்றம் சில்லறை அமில விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது: வாங்குபவரின் அடையாளமும் காரணமும் பதிவாக வேண்டும், பதினெட்டு வயது நிறையாதவருக்கு விற்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு தேவையானது. வீட்டில் வேதியியல் செய்ய நினைப்பவர் அதற்குள் நின்றே செய்ய வேண்டும்.

ஆனால் ஆபத்து வாதம் வேதியியலின் ஒரு பகுதியைப் பற்றியது. வானத்தைப் பார்ப்பது, மழையை அளப்பது, விதை முளைப்பதை எண்ணுவது, இலையின் தோலை உருப்பெருக்கிப் பார்ப்பது ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. எந்தத் துறை வீட்டுக்கு ஏற்றது, எது ஏற்றதில்லை என்று பிரித்துச் சொல்லாமல் மொத்தமாகத் தடுப்பதே அதன் குறை.

யாருடைய வீடு?

மேலே கண்ட விடைகளில் பெரும்பாலானவை ஒன்றைத் தொடாமல் கடந்துபோகின்றன: வீட்டில் இடமும் நேரமும் யாருக்கு இருக்கின்றன? ஓரறை வீட்டில் வாழும் தோல் தொழிற்சாலைத் தொழிலாளியின் குடும்பமும், வேலை தேடி ஆண்டில் சில மாதம் வெளியூர் போகும் மலைக்குடும்பமும் மேசை ஒன்றை ஒதுக்கி வைப்பது எளிதில்லை. தங்கையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கும் சிறுமிக்கு மாலை நேரம் அவளுடையதாக இருப்பதில்லை. பொக்கெல்ஸ் அடுக்களையில் ஆராய்ந்தார் என்பதைப் போற்றும்போது, அவரை அடுக்களையில் நிறுத்தியது எது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இதற்கு மாற்றாக ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது: பொதுக்கூடம். மகேந்திரலால் சர்க்கார் 1876இல் கல்கத்தாவில் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இல்லாமல் இருந்திருந்தால், 1907 முதல் பத்தாண்டுகள் நிதித்துறை அதிகாரியாக இருந்த சி. வி. ராமன் அலுவலகம் முடிந்தபின் எங்கே போயிருப்பார்? வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் மாலையில் திறந்திருந்த ஒரு கதவு அது. ஊர் நூலகத்தில் ஓர் அலமாரி நிறையக் கருவிகளும், அவற்றை இரவல் கொடுக்க ஒரு பதிவேடும் இருந்தால் அந்தக் கதவின் சிறிய வடிவம் அங்கேயும் திறக்கும்.

திருப்பத்தூரில் வைத்துப் பார்த்தால்

2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தில் இந்த விடைகளைச் சோதிக்க நல்ல களங்கள் இருக்கின்றன. முதலாவது தண்ணீர். பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் கழிவால் நேர்ந்த கேட்டைப் பற்றியதுதான் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற வேலூர் குடிமக்கள் நலமன்றத் தீர்ப்பு. நீரில் கரைந்த திடப்பொருளின் அளவைக் காட்டும், இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரைக் கொண்டு ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு வீடு தன் கிணற்று நீரை மாதந்தோறும் அளக்கலாம். இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் இல்லாதபோது 2,000 வரை ஏற்கலாம். ஆனால் அந்த மீட்டர் நீரின் மின்கடத்தலை அளந்து உப்பின் மொத்த அளவை உத்தேசமாகச் சொல்கிறதே தவிர, அதில் குரோமியம் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. அளவு சரிபார்க்கப்படாத கருவியின் எண்ணை எந்த அலுவலகமும் சான்றாக ஏற்காது. ஆனாலும் ஐந்தாண்டுத் தொடர் பதிவால் ஒன்று செய்ய முடியும்: எந்த மாதம், எந்தக் கிணற்று நீரை முறையான ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று காட்டித்தர முடியும்.

இரண்டாவது மழை. நேரான சுவருள்ள ஒரு பாத்திரமும் அளவுகோலும் போதும். ஆனால் இந்திய வானிலைத் துறை மழையைக் காலை எட்டரை மணிக்கு, கடந்த 24 மணி நேரத்துக்குக் கணக்கிடுகிறது. அதே நேரத்தில் படித்தால்தான் ஜவ்வாது மலையிலுள்ள புதூர்நாட்டு வீட்டின் எண்ணை ஆலங்காயத்து எண்ணோடு ஒப்பிட முடியும். மலைச்சரிவில் மழை ஊருக்கு ஊர் மாறும் என்பதால், அரசு நிலையங்களின் இடைவெளியில் விழும் வீடுகளின் பதிவுக்குத் தனி மதிப்பு உண்டு.

மூன்றாவது பயிர். ஜவ்வாது மலை சாமைக்குப் பெயர்போனது. ஈரத்துணியில் நூறு விதையை முடிந்து வைத்து, முளைத்ததை எண்ணுவது சதவீதக் கணக்கின் மிக எளிய சோதனை. போன ஆண்டு விதையும் இந்த ஆண்டு விதையும், குதிரில் வைத்ததும் சாக்கில் வைத்ததும் ஒப்பிட்டால் விடை முன்பே தெரியாத கேள்வி கிடைக்கிறது. மூன்றாம் விடையில் கண்ட குறை இங்கே மறைகிறது.

நான்காவது இருள். காவலூரை வானாய்வுக்கு உகந்ததாக்கிய இருளின் ஒரு பகுதி மலைக்கிராம வாசல்களிலும் இருக்கிறது. பரணியோ கார்த்திகையோ உச்சிக்கு வரும் இரவில், வெறுங்கண்ணுக்கு எத்தனை விண்மீன் தெரிகிறது என்று ஆண்டுதோறும் எண்ணி வைத்தாலே ஊர்விளக்குகள் வானத்தை எவ்வளவு விழுங்குகின்றன என்பதற்குச் சான்று சேரும்.

மதிப்பீடு

இந்த விடைகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கையில் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. நிலைத்த வீட்டுக்கூடங்களைத் தனித்துக் காட்டுவது கருவியின் தரத்தைவிட, பதிவைப் பெற்றுக்கொண்டவர் இருந்ததுதான். பெட்ரிக்குக் கம்பெனி, பொக்கெல்ஸுக்கு ராலே, சந்திராவுக்குக் கடல் கடந்த ஒரு சங்கம். ராலேயும் தன் வீட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்திருந்தவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது: அடுக்களையிலிருந்து போன கடிதம் இன்னொரு வீட்டின் கவனத்தைப் பெற்றது. ஆகவே பீக்கரும் மேசையும் வாங்குவதற்கு முன் நோட்டுப் புத்தகமும், அதை வாசித்துப் பிழை சொல்லும் இன்னொருவரும் தேவை என்ற முடிவுக்கு வருவது பொருத்தமாகப் படுகிறது.

திறந்து கிடக்கும் கேள்விகளும் இருக்கின்றன. வீட்டுக்கூடம் வைத்திருந்த பிள்ளைகள் அதனால்தான் அறிவியலாளர் ஆனார்களா, அறிவியல் நாட்டம் இருந்ததால் கூடம் வைத்தார்களா என்பதை வரலாற்று எடுத்துக்காட்டுகளைக் கொண்டு பிரிக்க முடியாது. வெற்றி பெற்றவர்களின் வீடுகளே நமக்குத் தெரிகின்றன. கைவிட்டுப்போன நோட்டுகள் தெரிவதில்லை. மக்கள் திரட்டும் நீர், மழைத் தரவுகளை அரசுத் துறைகள் எந்த அளவுக்கு, எந்தச் சரிபார்ப்போடு ஏற்கலாம் என்பதும் முடிவாகவில்லை. இடமும் நேரமும் இல்லாத வீடுகளுக்குப் பொதுக்கூடம் உண்மையில் ஈடுகொடுக்குமா என்பதையும் நடத்திப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

ஜெசோரின் ஒரு வீட்டில் நின்ற தொலைநோக்கி இன்று காவலூர் மலையில் இருக்கிறது. வீட்டிலிருந்து நிறுவனத்துக்குக் கருவி வந்துசேர வழி இருந்திருக்கிறது. புதூர்நாட்டிலோ ஆலங்காயத்திலோ ஒரு பிள்ளை எழுதி வைக்கும் நோட்டுக்கும் அதே வழி திறக்குமா என்பது, அந்தப் பிள்ளையின் கையில் மட்டும் இருக்கும் விஷயம் இல்லை.